அப்பத்தாவின் சிட்டையும் அக்கன் குடுத்தனவும்: பழைய சாமானுக்குக் கணக்கு எழுதுவது எப்படி

என் அப்பத்தாவின் நோட்டில் 14-வது வரி இது: "வெள்ளிக் கூஜா 1. எடை 62 தோலா. மூடி ஒரு பக்கம் நசுங்கல். ஆத்தா வீட்டுச் சாமான்."

கூஜா இப்போது இல்லை. அப்பத்தா போன பிறகு பங்கு பிரித்தார்கள். வெள்ளியை எல்லாம் ஒரே தராசில் ஏற்றி, மொத்தமாக விற்று, பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நான் அப்போது வெளியூரில் வாத்தியார் வேலையில் இருந்தேன். ஊருக்கு வந்து சேர்ந்தபோது உள்முற்றத்தைச் சுற்றிய வளவு அறை காலியாகக் கிடந்தது. பெட்டகத்தின் அடியில் அந்த நோட்டு மட்டும் இருந்தது, எடுத்து வந்தேன். 62 தோலா என்றால் இன்றைய கணக்கில் 723 கிராம் வரும். அந்தக் கூஜாவைப் பற்றி எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

பல வருஷம் கழித்து தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் தொகுதியாகப் படிக்க உட்கார்ந்தேன். குந்தவைப் பிராட்டியார் கொடுத்த நகைகளின் பட்டியல் வந்தது. பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, கல்லில் இருக்கும் குறை, கொடுத்தவர் பெயர் எல்லாம் இருந்தன. அப்பத்தா எழுதிய அதே முறை. எனக்குக் கை நடுங்கியது. அந்த நகைகளும் இன்று நம் கண்ணுக்கு முன் இல்லை, அவற்றுக்கும் கணக்கு மட்டும்தான் மிச்சம்.

அன்றிலிருந்து இரண்டு வேலை செய்கிறேன். சோழ ராணிகள் கொடுத்தவற்றைக் கல்வெட்டிலிருந்து பட்டியலாக எடுத்து எழுதுகிறேன். அந்த முறையிலேயே எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் ஆச்சிமார்களின் சாமானுக்குச் சிட்டை, அதாவது பொருள் பட்டியல், எழுத உதவுகிறேன். முதல் வேலை பழகினால் இரண்டாவது தானாக வரும் என்பதால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு ராணி

"சோழ ராணிகள்" என்று மொத்தமாகத் தொடங்காதீர்கள், குழம்பிவிடும். ஒருவரை மட்டும் எடுங்கள். குந்தவை நல்ல தொடக்கம். சுந்தர சோழரின் மகள், முதலாம் ராஜராஜனின் அக்கா, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி. தஞ்சாவூரில் அவர் கொடுத்தவை வரிசையாக, விரிவாக இருக்கின்றன. அடுத்தபடியாகச் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாய்.

பெயரை மட்டும் நம்பக் கூடாது. ராஜராஜனின் மகளுக்கும் குந்தவை என்றுதான் பெயர். வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். செம்பியன் மாதேவி என்ற பெயரும் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. அதனால் உறவைப் பாருங்கள். கல்வெட்டு அதை மறக்காமல் சொல்லும். செம்பியன் மாதேவியாரை "உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்" என்று குறிக்கும். எங்கள் ஊரில் ஒரே பெயரில் நாலு ஆச்சி இருந்தால், "இன்னார் மகள், இன்ன வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்" என்று சொல்லித்தான் அடையாளம் காட்டுவோம். அதே வழிதான். நோட்டின் முதல் பக்கத்தில் ராணியின் பெயரை எழுதி, கீழே அப்பா, அம்மா, கணவர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கல்வெட்டில் இந்த ஐந்தில் ஒன்றாவது பொருந்தாவிட்டால் அதைத் தனியே வையுங்கள்.

மூலப் பாடத்துக்கு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் இரண்டாம் தொகுதியில் வருகிறது. பெரிய நூலகங்களில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட தொகுதிகளையும் தேடிப் பாருங்கள்.

எந்த வரிசையில் படிப்பது

கல்வெட்டைப் பார்த்ததும் மிரள வேண்டாம். கொடைக் கல்வெட்டுக்கு ஒரு நடை உண்டு. முதலில் அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி, பிறகு ஆட்சி ஆண்டு, பிறகு கொடுத்தவர், எந்தத் திருமேனிக்கு, என்ன பொருள், என்ன நிறை. கடைசியில் பல இடங்களில் "பன்மாஹேஸ்வர ரக்ஷை" என்று காவல் வாசகம் வரும். மெய்க்கீர்த்தியை முதல் வாசிப்பில் தாண்டிவிடுங்கள். ஆண்டை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு நேராகக் கொடுத்தவர் பெயருக்குப் போங்கள்.

தஞ்சாவூரில் ராஜராஜனின் 26-ஆம் ஆட்சி ஆண்டு ஆணை ஒன்று இருக்கிறது, அதாவது 1010-ஐ ஒட்டியது. அரசன் வாயால் சொன்னதாக அது போகிறது: தான் எடுப்பித்த கற்றளிக்கு (கல்லால் கட்டிய கோயிலுக்கு) "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தில் கல்லில் வெட்டுக என்று. வரிசையைப் பாருங்கள். தனக்கு அடுத்தபடியாக அக்கா, அப்புறம் தேவிமார். எத்தனை வாட்டி வாசித்தாலும் "அக்கன்" என்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். எழுத்தில் "கொடுத்தன" இல்லை, "குடுத்தன" என்று பேசுகிறபடியே இருப்பதையும் கவனியுங்கள். படி எடுக்கும்போது அதைத் திருத்தாதீர்கள்.

அக்கன் என்ன கொடுத்தார்? உமா பரமேசுவரியின் செப்புத் திருமேனிகள், அவற்றுக்கு நகைகள். தன் தகப்பனாரின் உருவம் ஒன்று, தாயாரின் உருவம் ஒன்று. தகப்பனாரைப் பெயர் சொல்லாமல் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்" என்று கல்வெட்டு சொல்கிறது. பொன்மாளிகையில் இறந்துபோனவர் என்று பொருள். படிகளில் எங்கேயாவது "பாதாதிகேசாந்தம்" என்று வந்தால் பாதத்திலிருந்து கேசம் வரை எடுத்த உயரம் என்று அர்த்தம். முழம், விரல் கணக்கில் இருக்கும். "கனமாக" என்று வந்தால் உள்ளே கூடு இல்லாமல் வார்த்த திருமேனி. எத்தனை கை, என்ன பீடம் என்பதும் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ராணி தன் கழுத்தில் போட்டிருந்த நகைக்கு இப்படி ஒரு பட்டியலைத் தஞ்சாவூர்க் கல்லில் தேடாதீர்கள். கல்லில் ஏறியது அவர் கொடுத்தது மட்டும். அம்மனுக்குச் செய்து போட்ட தோடு, வாளி, தாலி, ஏகாவல்லி, பட்டைக்காறை, சூடகம், மோதிரம், பாதசாயலம், திருவடிக்காறை ஆகியவற்றின் பெயர்கள் இருக்கின்றன. அந்தக் காலத்து அரண்மனைப் பெண்கள் எதையெல்லாம் நகை என்று எண்ணினார்கள் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். ஊகம் என்று பக்கத்தில் எழுதிவிட்டு ஊகியுங்கள். "இது குந்தவையின் கழுத்தில் கிடந்தது" என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

எடையும் குறையும்

இந்த இடத்தில்தான் எனக்கு நேரம் போவதே தெரியாது.

பொன்னுக்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு கழஞ்சு இன்றைய 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் கிராமாக மாற்றி எழுதிவிட்டு மூலத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். குன்றி என்பது குன்றிமணிதான். எங்கள் வீட்டுக்கு வரும் ஆசாரி நான் சிறுமியாக இருந்தபோது குண்டுமணியை வைத்துத் தட்டில் நிறுத்ததைப் பார்த்திருக்கிறேன். சிவப்பும் கறுப்புமாக அது உள்ளங்கையில் உருளும்.

எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதும் கல்வெட்டில் உண்டு. பொன்னை "ஆடவல்லான் என்னும் கல்"லாலும், ரத்தினங்களை "தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்"லாலும் நிறுத்திருக்கிறார்கள். இரண்டுமே அந்தக் கோயில் இறைவனின் பெயர்கள். எடைக்கல்லுக்கே சாமி பெயர் வைத்திருந்தால் அதில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? உங்கள் சிட்டையிலும் "எந்தத் தராசு" என்று ஒரு வரி வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசா, நகைக்கடைத் தராசா என்று எழுதுங்கள்.

முத்துப் பட்டியலைப் பாருங்கள். வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். வெறுமனே "முத்து இத்தனை" என்று முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. உருண்டையா, சிறியதா, ஒட்டிப் பிறந்த இரட்டையா, நீரோட்டம் எப்படி என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் பிரித்திருக்கிறார். ரத்தினங்களிலும் தரம், குறை எல்லாம் சொல்லப்படுகின்றன. நூலையும் அரக்கையும் சேர்த்து எடுத்த எடையா, நீக்கி எடுத்த எடையா என்பதையும் விடவில்லை.

அரசனின் அக்கா கொடுத்த நகையில் குறை இருக்கிறது என்று கல்லில் வெட்ட யாரும் கூசவில்லை. குறையை எழுதினால்தான் நாளைக்கு யாராவது நல்ல கல்லை எடுத்துவிட்டு மட்டக் கல்லை வைத்தால் கண்டுபிடிக்க முடியும். அப்பத்தா "மூடி ஒரு பக்கம் நசுங்கல்" என்று எழுதியதும் அதற்குத்தான். அந்த நசுங்கல்தான் அந்தக் கூஜாவின் அடையாளம். ஊரில் வெள்ளிக் கூஜா நூறு இருக்கும். மூடி நசுங்கி, அடியில் எங்கள் விலாசம், அதாவது வீட்டுப் பெயரெழுத்து, வெட்டிய கூஜா ஒன்றுதான்.

கொடையின் பின்னால் இருக்கும் பணம்

ராணிகள் கலைக்குச் செய்த உதவியைப் பட்டியல் போடும்போது, பொருளை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பொருளுக்கு நாளைக்கு விளக்கு ஏற்றுவது யார், பூ போடுவது எந்தப் பணத்தில் என்பதையும் தேடுங்கள். குந்தவையின் கொடைகளில் இது தெளிவாக இருக்கிறது. காசை ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்து, அதன் பொலிசையில், அதாவது வட்டியில், திருமேனிகளுக்குப் படையலும் பூசையும் நடக்க ஏற்பாடு செய்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை.

எங்கள் அப்பச்சி பர்மாவில் கடையில் இருந்தவர். கால், அரைக்கால், வீசம், மாகாணி எல்லாம் வாய்ப்பாடாகச் சொல்வார். அவரிடம் இந்தக் கல்வெட்டை நான் படித்துக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "முதல் அப்படியே நிற்கும், வட்டி சாமிக்குப் போகும். நல்ல ஏற்பாடு" என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண் போட்ட கணக்கு அவருக்கு நொடியில் புரிந்துவிட்டது. செட்டிநாட்டுக்காரர்கள் இந்தக் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்குப் பாதி மொழி ஏற்கெனவே தெரியும்.

செம்பியன் மாதேவியாரின் கொடை வேறு மாதிரி. செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிக்கொண்டே போனவர் அவர். 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருடைய திருப்பணி நடந்திருக்கிறது. கோனேரிராஜபுரம், ஆடுதுறை, விருத்தாசலம், திருக்கோடிகாவல் என்று ஊர் நீளும். நடராசர் திருவுருவம் கோயில் புறச்சுவரின் மாடத்தில் கல்லில் இடம்பிடித்துப் பரவியது இவருடைய கோயில்களால்தான். கோனேரிராஜபுரத்துக்குப் போனால் கருவறையின் தெற்குச் சுவரில் ஒரு சின்னச் சிற்பத்தைத் தேடுங்கள். கண்டராதித்தர் லிங்கத்தைத் தொழுகிற மாதிரி இருக்கும். அதன் பக்கத்துக் கல்வெட்டில், "தம்முடையார் ஸ்ரீகண்டராதித்த தேவர் திருநாமத்தால்" இந்தக் கற்றளியை எழுப்பினார் என்று வருகிறது. தம்முடையார் என்றால் என்னவர். கணவர் போய் எத்தனையோ காலம் கழித்து, மகன் ஆட்சியில், அந்த அம்மாள் அவரைக் கல்லில் உட்கார வைத்திருக்கிறார். கோயிலை முன்னின்று கட்டிய சாத்தன் குணபத்தன் என்பவருக்கும் அங்கே உருவம் உண்டு. கட்டியவரை மறக்காத புரவலர் அவர்.

திருக்கோடிகாவலில் அவர் செய்ததைத் திருப்பணி செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கோயிலைக் கல்லால் புதுக்கும்போது, அங்கே கிடந்த பழைய கற்களில் இருந்த கொடைக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். யாரோ எவரோ கொடுத்த ஆடும் பொன்னும் விளக்கும். அவருக்கு அதனால் ஒரு பெருமையும் இல்லை, ஆனாலும் செய்தார். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில், நம் காலத்துத் திருப்பணியில், சுவரைப் பளிச்சென்று ஆக்க மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தெல்லாம் மழுங்கிப்போயிற்று. நான் பாதி படி எடுத்து வைத்திருந்த கல்வெட்டு அது. மீதி இனிமேல் கிடைக்காது. அதனால் உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிக்காகப் பாலாலயம் ஆகப்போகிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போனை எடுத்துக்கொண்டு போய் கோயிலின் அடித்தளமான அதிட்டானம் முழுக்கப் படம் எடுங்கள். காலை வெயிலோ சாயங்கால வெயிலோ பக்கவாட்டில் விழும்போது எழுத்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள்.

தஞ்சாவூர் தூரம் என்று தோன்றினால் கொடும்பாளூருக்குப் போங்கள். புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை பக்கம். மூவர் கோயில் என்று பெயர், இருக்குவேளிர் மரபின் பூதி விக்கிரமகேசரி கட்டியது. மூன்று விமானங்கள். ஒன்று தன் பெயரால், மற்ற இரண்டு தன் தேவிமார் கற்றளி, வரகுணை பெயரால் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. இன்று இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான். அந்த வெறும் அடித்தளத்தில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவது வழக்கம். நேரம் இருந்தால் திருவையாற்றில் ராஜராஜனின் தேவி தந்திசக்தி விடங்கியான லோகமாதேவி எடுப்பித்த வட கைலாயத்தையும் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் சுமார் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சோழர் செப்புத் திருமேனி இருக்கிறது. 1929-இல் அங்கே போனது. அது செம்பியன் மாதேவியே என்று சிலரும், உமையம்மைதான் என்று சிலரும் சொல்கிறார்கள். தோளின் சரிவையும் நீண்ட விரல்களையும் பார்த்துவிட்டு நீங்களே யோசியுங்கள். எங்கிருந்து எப்போது யார் கொடுத்தது என்ற ஒரு வரி அதன் கூடவே இருந்திருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது.

இனி நம் வீட்டுப் பெட்டகம்

வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்றும், அவன் பெண்டாட்டி கொண்டுவந்த சாமான் அதில் இருக்கும் என்றும் நமக்குத் தெரியும். அந்த அறையைத் தனியாகத் திறக்காதீர்கள். அந்த வீட்டில் வயதில் மூத்த பெண் யாரோ அவரை முதலில் கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பொருளைக் கையில் எடுத்ததும் அவர் பேசத் தொடங்குவார். அந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். நீங்கள் எழுதிக்கொண்டே கேட்டால் பாதி போய்விடும்.

கல்யாணத்தில் சாமான் பரப்புகிற வரிசையிலேயே எழுதுவது எளிது: வைரம், பொன், வெள்ளி, வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், மங்கு (எனாமல்), கண்ணாடி, மரச்சாமான், துணி. ஒரு நாளில் ஒரு வகைக்கு மேல் எடுக்க வேண்டாம். பெயர் தெரியாத பாத்திரத்துக்கு நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்று நடந்து கேட்டால் பெரும்பாலும் பெயர் கிடைத்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் எண், பெயர், எத்தனை, எடை, உயரம், என்ன உலோகம், விலாசம், குறை, கொடுத்தது யார், எந்தச் சடங்குக்கு. குறை என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். குறையே இல்லை என்றால் "குறை இல்லை" என்று எழுதுங்கள். மங்குச் சாமானில் எந்த இடத்தில் பூச்சு பெயர்ந்து துரு தெரிகிறது, குத்துவிளக்கின் எந்தத் தட்டு மாற்றியது, ஓலைக் கூடையான கொட்டானில் எந்தப் பக்கத்து ஓலை விட்டிருக்கிறது, எல்லாம் வேண்டும்.

விலாசத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பாத்திரத்தின் விளிம்பிலோ அடியிலோ புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரு வெண்கலப் பானையில் இரண்டு விலாசம் இருக்கிறது. விளிம்பில் அப்பத்தாவின் தகப்பனார் வீட்டு எழுத்து, உள்ளே தள்ளி, அதைவிடத் தேய்ந்துபோய், அவருடைய ஆத்தா வீட்டு எழுத்து. இரண்டு தலைமுறைப் பெண்களுக்குச் சீராகப் போன பானை அது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆயிற்று. புளியும் செங்கல் பொடியும் போட்டு ஆண்டாண்டுக்கும் தேய்த்ததில் உள் எழுத்து பாதி போய்விட்டது. இப்போது நான் விலாசம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை மட்டும்தான் தேய்க்கச் சொல்கிறேன். படம் எடுக்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், கல்வெட்டுக்குச் சொன்ன அதே யோசனைதான்.

கல்யாணத்தில் கட்டும் தாலிக் கோவையான கழுத்துருவை உருப்படி உருப்படியாக எழுதுங்கள். "கழுத்துரு 1" என்று எழுதினால் அது கணக்கே இல்லை. திருமாங்கல்யம், ஏத்தனம், உரு, சரிமணி, கடைமணி, தும்பு என்று ஒவ்வொன்றின் எண்ணிக்கையும், எடையும். நூலோடு எடுத்த எடையா, நூல் நீக்கியா என்று தஞ்சாவூர்க்காரர்கள் மாதிரி எழுதிவிடுங்கள்.

சேலைகளை மறந்துவிடுகிறார்கள். பழைய கண்டாங்கியை விரித்துப் பார்த்து, கட்டத்தின் அகலம், கரை நிறம், எந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது என்று எழுதி, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் பல வருஷம் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஒரு பத்தி மட்டும் கல்வெட்டில் இல்லாதது, நானாகச் சேர்த்தது: "தானே வாங்கியது". சீர்ச் சிட்டையில் அம்மா வீட்டில் கொடுத்தது இருக்கும், மாமியார் வீட்டில் போட்டது இருக்கும். சிறுவாட்டுப் பணத்தைச் சேர்த்து அந்தப் பெண் தன் ஆசைக்கு வாங்கியது எங்கேயும் இருக்காது. பள்ளத்தூரில் ஒரு ஆச்சியிடம் இதைக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போய், துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பர்மா லக்கர் (அரக்குப் பூச்சு) டப்பாவை எடுத்து வந்தார். சிவப்பு, கைக்கு அடங்குகிற அளவு, மூடியில் கறுப்புக் கோட்டில் ஒரு பறவை. உள்ளே ஒன்றும் இல்லை. "இது எனக்காக வாங்கினது" என்றார். 212-வது வரியாக எழுதினோம். எடை 90 கிராம். மூடி விளிம்பில் நகத்தளவு பூச்சு போயிருக்கிறது. கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரே.

எழுதி முடித்ததும் கடைசிப் பக்கத்தில் தேதி, உடன் இருந்தவர்கள் பெயர், எழுதியவர் பெயர் போட்டு, மூத்தவரின் கையெழுத்து வாங்குங்கள். மூன்று படி எடுங்கள். ஒன்று பெட்டகத்திலேயே, சாமான் கூடவே இருக்கட்டும். ஒன்று மகள் வீட்டுக்கு, ஒன்று மருமகள் கையில். போனில் எடுத்த படங்களின் பெயரைச் சிட்டை எண்ணாகவே மாற்றி வையுங்கள். பொருள் ஒன்று வீட்டை விட்டுப் போனால் அந்த வரியை அடிக்காதீர்கள். பக்கத்தில் எங்கே, யாரிடம், எந்தத் தேதியில் போயிற்று என்று எழுதுங்கள்.

அப்பத்தாவின் நோட்டைப் பார்த்து நானும் ஒரு புதுப் படி எழுதியிருக்கிறேன். 14-வது வரியை அவர் எழுதியபடியே எழுதி, பக்கத்தில் "பங்கு பிரித்தபோது எடைக்கு விற்றது" என்று சேர்த்திருக்கிறேன்.